கை சொல்லும் வரை

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் எழுதுகிறேன். கோடு போட்ட நோட்டு. நீலப் பேனா. "ஐயா, தினமும் ரெண்டு வரி எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்குக்கூட வேண்டாம்" என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார். காட்ட வேண்டாம் என்றதும் எனக்கு ஒரே குஷி. எழுபத்தொரு வயதில் எனக்கென்று ஒரு ரகசியம்!

இவ்வளவும் எழுத முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். "மந்திரி ஆபீஸ் ஃபைலா அது? சாப்பாடு ஆறுது."

ஆறட்டும். இன்னும் ஒரு வரி. நான் எழுதுகிறேன்.

மார்ச் 4

பஸ்ஸில் போகும்போது ஒன்பது கடைப் பலகைகளைப் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. நடந்து திரும்பினேன். அதில் இன்னும் ஆறு பலகை லாபம்.

மார்ச் 7

காலையில் எழுந்ததும் சமையலறைப் பின்கதவுப் படியில் உட்காருவேன். இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன?" என்று கேட்பேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான். நீளமாகக் கேட்க எனக்குத் தெரியாது.

குரல் ஒன்றும் கேட்காது. ஏதாவது ஒரு காரியம் மனதில் வந்து உட்காரும். தள்ளிப் பார்ப்பேன். நகராவிட்டால் அது ஆண்டவன் சொன்னது என்று எடுத்துக்கொண்டு, போய்ச் செய்துவிடுவேன். பல வருஷமாக இப்படித்தான்.

இன்றைக்கு வந்தது: நூலக மாடியில், எங்கள் வகுப்பு நடக்கும் இடத்தில், கைகழுவும் குழாய் சொட்டுகிறது. அதைச் சரிசெய். வாஷர் வாங்கிக்கொண்டு போனேன். நூலகர், "உங்களை யாரு அனுப்பினாங்க?" என்றார். என்னத்தைச் சொல்வது? "மேலேர்ந்து" என்றேன். அவர் தலைமை அலுவலகம் என்று நினைத்துக்கொண்டார். "இப்பவாவது அனுப்பணும்னு தோணிச்சே அவங்களுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஆண்டவனுக்கு வேற ஜோலி இல்லையா? உங்ககிட்ட குழாயைப் பத்தித்தான் பேசணுமா?" என்றாள் மனைவி.

"பெரிய காரியத்தை என்னை நம்பிச் சொல்ல மாட்டார் போல."

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது சரியில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மார்ச் 11

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினேன். எண்பத்திரண்டு இரும்புப் படி ஏறினால் என் கூண்டு. அதனால் கீழே எல்லோருக்கும் நான் 'ஆகாசம்'. கூண்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஊர் தெரியும், யார் வீட்டு மாடியில் துணி காய்கிறது என்பது தெரியும். கப்பலின் வயிறு மட்டும் தெரியாது. சரக்கு போய் இறங்க வேண்டிய இடம் அதுதான்.

அதை எனக்காகப் பார்க்கிறவன் கப்பல் தளத்து விளிம்பில் நிற்பான். அவன் கையைப் பார்த்துத்தான் நான் கைப்பிடியை அசைக்க வேண்டும். ஒரு விரல் மேலே பார்த்துச் சுற்றினால், தூக்கு. கீழே பார்த்துச் சுற்றினால், இறக்கு. உள்ளங்கையை விரித்தால், நில். இரண்டு கையையும் வயிற்றுக்கு நேராகக் கோத்துப் பிடித்தால், எதையும் தொடாதே, காத்திரு.

அப்படி நின்றவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. துறைமுகத்தில் அவனுக்குப் பெயர் 'ஊமை'. வேலையில் வாயே திறக்க மாட்டான். வேலை முடிந்து இறங்கினால் வீடு வரைக்கும் மூட மாட்டான். "மச்சான், எட்டு மணி நேரப் பேச்சு உள்ள கிடக்கு. இதை எங்க கொண்டுபோய்க் கொட்ட?" என்பான். என் காதில்தான் கொட்டுவான்.

காற்றிலும் மழையிலும், கண் கூசுகிற வெயிலிலும், அந்தக் கை சொன்னால் இறக்குவேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, அவ்வளவு உயரத்திலிருந்து. அவன் முகத்தைவிட அவன் கையை அதிகம் பார்த்தவன் நான். நகம் கடித்திருந்தால்கூடத் தெரியும்.

அந்தக் கையைப் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இன்று வகுப்பில் டீச்சர் பலகையில் விரலால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தபோது, எழுத்தை விட்டுவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12

நேற்று எழுதியதை இன்று படித்தேன். செத்தவனைப் பற்றி எழுதியதுபோல் இருக்கிறது. அவன் இருக்கிறான். இதே ஊரில், பதினோரு பஸ் நிறுத்தம் தள்ளி, இரண்டாம் மாடியில்.

மார்ச் 19

மனைவி பீரோவை ஒழித்துத் துடைத்தாள். அடியிலிருந்து ஒரு சிவப்பு மழைக்கோட்டு வந்தது. சின்னது. மச்சினன் மகளுடையது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பெண் பதினோரு வயது வரைக்கும் பாதி நாள் எங்கள் வீட்டில்தான். அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு மனைவி இப்போதும் ஒரு தடவை வாசலைப் பார்ப்பாள். தானாகத் தலை திரும்பும். அவளுக்கே தெரியாது.

"இதை எதுக்கு வெச்சிருக்கே?" என்றேன்.

"கரப்பான்பூச்சி போட்டுக்கட்டும்னு."

"அவளுக்கு இப்ப முப்பது வயசு இருக்கும்."

"முப்பது முடிஞ்சு நாலு மாசம்." கோட்டை உதறினாள், மடித்தாள், பழைய இடத்திலேயே வைத்தாள். "எனக்கு ஒண்ணும் ஏக்கம் இல்ல. என் புருஷனைப் பொய்யன்னு சொன்னவன் வீட்டுப் படியை நான் எதுக்கு மிதிக்கணும்?"

பீரோவின் மற்ற கதவை நான் துடைத்தேன்.

மார்ச் 26

பிஸ்கட் டப்பாவில் என் ஓய்வுக் காகிதங்கள் இருக்கின்றன. இப்போதுதான் எழுத்துத் தெரியுமே, படித்துப் பார்ப்போம் என்று எடுத்தேன். மூன்று நாளாகப் படிக்கிறேன். பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு வயது எனக்கு இலவசம்!

அடியில் மங்கிப்போன நகல் ஒன்று. மேலே 'விசாரணை வாக்குமூலம்' என்று இருக்கிறது. பாதிப் பக்கம்தான். இன்று மதியம் முழுவதும் அதற்கே போனது. விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் போனேன்.

'கைச்சைகை காட்டுபவர் இறக்கு எனத் தெளிவாகச் சைகை காட்டினார். அதன்படியே நான் பாரத்தை இறக்கினேன்.'

கீழே என் கைநாட்டு. பெருவிரலில் அப்போது ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அதுகூடப் பதிந்திருக்கிறது.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 27

நேற்றைய கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற வரியெல்லாம் கோணல்மாணல். அது மட்டும் நேராக இருக்கிறது. நிறைய நாள் பழகின வரி.

மார்ச் 30

தெரியும்.

குமாஸ்தா வாசித்துக் காட்டினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. "சரியா?" என்றார். தலையை ஆட்டினேன். விரலை நானே மையில் வைத்தேன்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுத வேண்டியதுதான்.

அன்றைக்குப் பலகைக் கட்டுகள் இறக்கினோம். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஒரு கட்டு கப்பல் வாய்க்கு மேலே தொங்குகிறது. மச்சினன் இரண்டு கையையும் கோத்துப் பிடித்தான். காத்திரு. காத்திருந்தேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்கும். இரண்டு இருக்கும். அடுத்து அவன் என்ன காட்டுவான் என்று எனக்குத் தெரியும். காத்திரு என்றால் அடுத்தது இறக்குதான். ஆயிரம் தடவை அப்படித்தான். விரல் சுற்றப்போகிறது, இதோ சுற்றப்போகிறது— அவன் சொல்வதற்கு முன்னால் கைப்பிடியைத் தள்ளிவிட்டேன்.

உள்ளே, விளிம்பை ஒட்டிய ஏணியில், ஒரு ஆள் இன்னும் விலகவில்லை. சங்கிலி முறுக்கிக்கொண்டதை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காகத்தானே அங்கே ஒரு கை இருந்தது? மச்சினன் குனிந்து அந்த ஆளைப் பிடித்து இழுத்தான். ஆள் தப்பித்தான். மச்சினனின் வலது கை பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போயிற்று.

விசாரணையில், தப்பு கூண்டிலா தளத்திலா என்று கேட்டார்கள். இரண்டில் ஒருவனுக்கு வேலை போகும். தளத்தில் என்று சொன்னேன். அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அப்படியே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "அக்கா, நான் காத்திருன்னுதான் காட்டினேன். மச்சான்தான் இறக்கிட்டார். நீயே கேளு." அவள் என்னைப் பார்த்தாள். "இறக்குன்னு காட்டினான்" என்றேன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள்! அப்புறம் தம்பிக்கு வாசலைக் காட்டினாள்.

என்னை நம்பினாள். அதுதான் நடந்தது.

எழுத்துத் தெரியாதவன் என்று எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். நான் அதற்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டேன். ஆண்டவா, அதையும் பிடுங்கிக்கொள்ளத்தானா என்னை நூலக மாடிக்கு அனுப்பினாய்?

ஏப்ரல் 2

குழாய் விஷயத்தில் நான் சொன்னது சரியில்லை என்று எழுதினேன் அல்லவா. அது இதுதான். காலையில் படியில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன?" என்று கேட்டால் முதலில் வருவது பத்தொன்பது வருஷமாக ஒன்றேதான். மச்சினன் வீட்டுக்குப் போ. அதைக் காதில் வாங்காதவன்போல், "சரி, அப்புறம்?" என்பேன். இரண்டாவதாக ஏதாவது வரும். குழாய். பக்கத்து வீட்டு சிலிண்டர். பஸ்ஸில் எழுந்து இடம் கொடு. அதையெல்லாம் ஓடி ஓடிச் செய்தேன். தெருவில் எனக்கு எவ்வளவு நல்ல பெயர்!

முதலாவதைச் செய்யாமல் இருக்கத்தான் இரண்டாவதை அவ்வளவு நன்றாகச் செய்தேனோ?

ஏப்ரல் 5

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. அவன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இவளிடம் சொல்ல வேண்டும். அதுதான் முறை. "உன் தம்பி..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க" என்றாள்.

எடுக்காதே என்று அவளே சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். அதை நினைத்தால் கூசுகிறது.

ஏப்ரல் 8

வாயில் வராததை எழுதிவிடலாம் என்று நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு நாள் வேலை. நானே சொல்லக் கூடாது, என் எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. காலையில் சமையல் மேடையில், உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பூங்காவில் பத்து சுற்று. இந்நேரம் படித்திருப்பாள், இந்நேரம் அழுதிருப்பாள், இந்நேரம்—

திரும்பி வந்தேன். "இந்தாங்க, உங்க பாடம். போட்ட இடத்துல போட்டுட்டுப் போறது. எண்ணெய் பட்டிருந்தா டீச்சர்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கையில் கொடுத்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது!

எழுபது வருஷம் நான் எப்படி இருந்தேனோ அப்படித்தான் அவள் இன்றைக்கும் இருக்கிறாள். ஒன்றரை வருஷத்தில் எனக்கு அது மறந்துவிட்டது.

ஏப்ரல் 9

வாசித்துக் காட்டினேன்.

மேஜைக்கு எதிரே உட்காரவைத்தேன். முதலில் அந்தப் பழைய நகல். பிறகு என் நான்கு பக்கம். நான் வேகமாகப் படிக்கிறவன் இல்லை. ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டு ஓடவும் முடியாது. 'கா-த்-தி-ரு' என்று வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டரைப் பக்கம் இருந்தது. நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கடைசி வரை கேட்டாள். டீ ஆடை கட்டிவிட்டது.

"அந்தக் காகிதத்துல இருக்கிறது உங்க விரல்தானா?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

"ஆமா."

என் பெருவிரலைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இப்போது இல்லை. கையை விட்டுவிட்டாள். "நான் அவனை வாசலைப் பார்த்துப் போடான்னேன்" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டத் தெரியாதவளா அவள்?

ஏப்ரல் 10

மனைவி தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பை. சிவப்பு மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 12

டீயில் நான் எப்போதும் எத்தனை கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 14

படியில் உட்கார்ந்தேன். கையைக் கோத்தேன். இதுவரைக்கும் இல்லாத பயம். என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன கேட்கப்போகிறாய்?

முதலில் வந்தது: சொன்னது போதாது, எழுதிக் கொடு.

"அப்புறம்?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் 15

துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். பொய் வாக்குமூலம் கொடுத்தேன், உண்மை இது, தப்பு கூண்டில் என்று ஒன்றரைப் பக்கம். கீழே கையெழுத்து. கைநாட்டு இல்லை! அதில் ஒரு சின்னப் பெருமை வந்தது. இதில் போய்ப் பெருமையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதிகாரி என் வயதில் பாதிகூட இல்லை. "ஐயா, அந்த ஃபைலே இப்ப இருக்காது. இதை வெச்சு நான் என்ன பண்ண?"

"வாங்கிக்கிட்டேன்னு முத்திரை போடுங்க தம்பி."

"உங்க மேல நடவடிக்கை எடுத்தா?"

"எடுங்க. விலாசம் மேலேயே இருக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். என் கிரேன் இப்போது இல்லை. அந்த இடத்தில் வானம்தான் இருந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

போனேன். பதினோரு நிறுத்தம். ஒரு பலகைகூடப் படிக்கவில்லை.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று இரண்டாம் மாடியைப் பார்த்தேன். பால்கனியில் துணி காய்ந்தது. அதில் மனைவியின் பச்சைச் சேலை. எட்டு நாளாகப் பார்க்காத சேலை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை விலக்கிக்கொண்டு அவன் வந்தான்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் தெருவைத் தாண்டக் காலை எடுத்து வைத்தேன். அவன் இரண்டு கையையும் வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்து கோத்துப் பிடித்தான்.

வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. இடது கை விரல்கள் அந்த வெற்றிடத்தில் போய் உட்கார்ந்தன. ஆனாலும் தெளிவாகத் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

காலைப் பின்னால் எடுத்தேன். காத்திருந்தேன். அவன் உள்ளே போய்விட்டான். பத்து மணிக்கு நின்றேன். நான்கு மணி வரை நின்றேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "யாருக்குப் பெரியவரே வெயிட் பண்றீங்க?" என்றார். "மேல சொல்லுவாங்க" என்றேன்.

ஏப்ரல் 19

முழங்கால் இரண்டும் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மறுபடி போனேன். அதே இடம். அவன் வந்தான், பார்த்தான், கையைக் கோத்தான், போனான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நடை மட்டும் அப்படியே இருக்கிறது, குதிகால் தரையில் படாத நடை. "உக்காருங்க மாமா. அத்தை கொடுத்து விட்டாங்க. 'நான் குடுத்தேன்னு சொல்லாதே'ன்னு சொன்னாங்க."

'மாமா' என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன நாலைந்து வார்த்தை எனக்குக் கேட்கவேயில்லை.

முத்திரை குத்திய நகலைக் கொடுத்தேன். "அப்பாகிட்ட கொடு. நானே எழுதினது." அவள் அங்கேயே நின்று படித்தாள். எவ்வளவு வேகமாகப் படிக்கிறாள்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 29

வகுப்பில் செய்தித்தாளின் வானிலைப் பத்தியை நான் தடுமாறாமல் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர், "வீட்ல அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க ஐயா" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படித்தேன். வெள்ளிக்கிழமை மழை வருமாம்.

மே 2, வெள்ளி

வந்தது. செய்தித்தாளில் எழுதினால் எழுதினதுதான்.

குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வந்தான். கோத்தான். போனான். பதினைந்து நிமிஷத்தில் பெண் ஓடிவந்தாள். "மாமா, நனையுறீங்க. மேல வாங்க. கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வந்துட்டீங்கன்னா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியாதா அவரை?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போனால் விட்டுவிடுவான். அடுத்தது இதுதான், இதோ வந்துவிட்டது— கால் கிளம்பிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நிமிஷத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில்.

"இல்லம்மா. அப்பா கை இன்னும் மாறல."

"நீங்க ரெண்டு பேருமே லூசு மாமா." அழுகிறாளா சிரிக்கிறாளா, மழையில் தெரியவில்லை. "அவர் அங்க ஜன்னலுக்குப் பின்னாடிதான் நிக்கிறார். நீங்க போறவரைக்கும் உக்காரவே மாட்டேங்கிறார். தெரியுமா?"

தெரியாது. எனக்கு அது தெரியாது.

மே 5

நானும் நிற்கிறேன், அவனும் நிற்கிறான். அவன் அங்கே எனக்காக எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? அவனுக்குள் இன்னும் எது விலகவில்லையோ, யார் கண்டார்? அன்றைக்கும் அவன் என்னைச் சும்மா காக்கவைக்கவில்லை.

மே 9, வெள்ளி

இன்று அவன் வரவேயில்லை. பால்கனியில் துணியும் இல்லை. மூன்று மணி வரை பார்த்தேன். நாற்காலியைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அழுதுட்டேன். எழுபத்தொரு வயசுல. யாரும் இல்ல, அதனால சத்தமாவே அழுதேன். போதும்னு சொல்லிடு ஆண்டவா, விட்டுடறேன். இல்ல வான்னு சொல்லு. இப்படி நடுவுல தொங்கவிட்டா எப்படி?

கட்டு தொங்குகிறபோது அதற்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மே 10

காலையில் ஒன்றும் வரவில்லை. முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை. மடியைப் பார்த்தேன். கோத்த கை. இதைத்தானே இத்தனை வருஷமாகத் தினமும் நானே காட்டிக்கொண்டிருக்கிறேன்?

டீக்கு இரண்டு கரண்டி. கண்டுபிடித்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

போனேன். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றேன். காலையில் நல்ல வெயில்.

பதினொன்று இருக்கும். முதலில் மனைவி வந்தாள். துணியை ஒவ்வொன்றாக எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பச்சைச் சேலையை மட்டும் எடுக்க வெகு நேரம் ஆயிற்று. அவள் உள்ளே போனதும் பால்கனி வெறுமையாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. அவன் வந்து நின்றான்.

நான் கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம்.

இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வலது கையை வெளியே நீட்டினான். காட்ட வேண்டிய விரல் இல்லை. கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு சுண்டுவிரல் மேலே நிமிர்ந்தது. மெதுவாக, ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.

தூக்கு.

முன்பெல்லாம் நான் மேலே, அவன் கீழே. இப்போது தெருவில் நான், மேலே அவன். அதனால் எனக்கு ஒரு கணம் புரியவில்லை. எதைத் தூக்க? அப்புறம் புரிந்தது. பாரம் நான்தான்.

தெருவைத் தாண்டினேன். படிக்கட்டுக்குள் நுழைந்ததும் கை மறைந்துவிட்டது. உள்ளே இருட்டு, என்ன காட்டுகிறான் என்று தெரியாது. இருந்தாலும் ஏறினேன். முப்பத்தாறு படி. எண்பத்திரண்டு ஏறினவனுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

கதவில் அவன். பக்கத்தில் வந்து பார்த்தால் எவ்வளவு குள்ளமாகிவிட்டான்! நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. 'ஊமை' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "வாசல்லயே நிக்கச் சொல்லு. கால் சேறு." பத்து நாளாக மழையே இல்லை.

அவன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அந்த இரண்டு விரலால்.

பிறகு பேச ஆரம்பித்தான். பத்தொன்பது வருஷப் பேச்சு உள்ளே கிடந்திருக்கிறது. பாதி திட்டு. எல்லாம் என் காதில்தான் கொட்டினான். சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவில்லை.

மே 17

காலையில் அவர்கள் வீட்டுச் சமையலறைப் பக்கம் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். மனைவி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் டீயை அவள்தான் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு கரண்டி.

மச்சினன் வீட்டுக் குழாய் சொட்டுகிறது. இன்று முதலில் வந்தது அதுதான். வாஷர் வாங்கப் போகிறேன்.